தெரியும் அண்ணை எடுத்தெறிந்த சொல்

என் மனுசனுடைய பெயர் நீக்கிலாஸ். ஆனால் ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் எங்கள் சனத்திடம் நீக்கிலாஸ் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். தெரியும் அண்ணை வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விடுவார்கள். கேள்வி முடியுமுன் "தெரியும், தெரியும்" என்று தொடங்குகிற மனுசனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பாஸ்போட் எங்கே புதுப்பிக்கிறது, பனிக்கு எந்த ரயர் நல்லது, முப்பத்தோராம் நாள் பூசையை எந்தக் கிழமையில் வைக்கலாம், எல்லாம் தெரியும். தெரியாததும் தெரியும். ஒஷாவாவில் இருக்கிற எங்கள் மகள் நிலக்சி, "அம்மா, அப்பாட்ட ஒண்டும் கேளாதேங்கோ, ஹீ வில் ஆன்சர்" என்பாள்.

நான் செலீன், அவருடைய பெண்சாதி. எங்கள் கோயில் பங்கின் ஆண்டு மலரில், பூசையில் வாசிக்கிறவர்களைப் பற்றி வீட்டுக்காரர்களே எழுதவேண்டுமாம். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு வராது. போன ஆனி மாதம் நடந்ததை எழுதுகிறேன். போடுகிறதும் விடுகிறதும் அவர்கள் பாடு.

இந்தத் "தெரியும்" எங்கே தொடங்கியது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுசனுக்கு அநியாயம் செய்தவளாவேன். அவர் எண்பத்தொன்பதில் வந்து சேர்ந்தது சென் ஜேம்ஸ் ரவுணில். ஒரு அறை வீட்டில் ஏழு பேர். எல்லாரிடமும் அகதிக் கோரிக்கைப் பத்திரம், எல்லாரிடமும் பயம். டெனிஸ்டன் என்று ஒருவர், மறுநாள் விசாரணைக்கு எந்தக் கட்டிடத்துக்குப் போவதென்று தெரியாமல் குசினி மூலையில் இருந்து அழுதிருக்கிறார். இவருக்கு மட்டும் தெரியுமா என்ன? அதுவரை இவர் ரொறன்ரோவில் கண்டது அந்தக் கட்டிடத்து லிஃப்ட்டும் கீழே இருந்த கடையும்தான். ஆனாலும், "எனக்குத் தெரியும், வா, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லி, விடிய வெளிக்கிட்டு, இரண்டு மணி நேரம் பிழையான தெருவெல்லாம் நடத்தி, கடைசியில் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு நீக்கிலாஸ் தெரியாதென்று சொல்லியிருந்தால் தான் பாயை விட்டு எழும்பியிருக்க மாட்டேன் என்று டெனிஸ்டன் இன்றைக்கும் சொல்லுவார். ஆக, அது இரக்கத்தில்தான் தொடங்கியது. பிறகு பழக்கமாகி, அதன் பிறகு பெருமையாகிவிட்டது.

எனக்கும் அந்த இரக்கம் கிடைத்தது. தொண்ணூற்றிரண்டு தை மாதம் நான் வந்து விமான நிலையத்தில் இறங்கினேன். இவர் யாரோ ஒரு ஆம்பிளையின் பெரிய கோட்டைக் கொண்டுவந்து என்னைச் சுற்றிப் போர்த்திவிட்டு, கையில் ஒரு கோப்பையைத் தந்தார். "இந்தக் குளிருக்குக் கோப்பிதான். இரண்டு கிறீம், இரண்டு சீனி. எனக்குத் தெரியும், குடியும்" என்றார். கோப்பி என்றால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். ஆனால் புதுப் பெண்சாதி, புது நாடு, என்ன சொல்வது? குடித்தேன். அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருசம், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வரும் வழியில், காரில் இருந்தபடியே கேட்டு எடுக்கிற டிரைவ் துரூவில், எனக்கென்று அவர் வாங்குகிறது அந்த டபிள் டபிள்தான். நான் நாலு மிடறு குடிப்பேன். மிச்சத்தை வீட்டுக்கு வந்து சிங்கில் ஊற்றுவேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும் அல்லவா, அதில் எனக்கு ஒரு சுகம். அவர் சபையில் நின்று விளாசும்போது, "கட்டின பெண்சாதிக்குக் கோப்பி பிடிக்காதெண்டு தெரியாத ஆள்" என்று மனதுக்குள் நினைத்துச் சிரித்துக்கொள்வேன். அது எனக்குக் கைச்செலவுக்கு வைத்திருந்த காசு மாதிரி இருந்தது.

பூசையில் அவர் வாசிக்கிறதையும் சொல்லவேண்டும். முதல் வாசகத்துக்குப் பிறகு தமிழில் வாசிக்கிற பழைய எபிரேயச் சங்கீதப் பாட்டு எப்போதும் அவருடைய பங்குதான், வேறு யாருக்கும் விடமாட்டார். அந்தப் பாட்டுகளை எழுதினவர்கள் பாதி நேரம் கடவுளுக்கு முன்னால் நின்று, நான் தூசி, நான் ஒன்றும் விளங்காதவன், எனக்கு வழி காட்டும் என்று அழுகிறவர்கள். என் மனுசன் அதைப் பரிசு வாங்கினவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வாசிப்பார். கடைசி வாங்கில் இருக்கிற காது கேளாத அங்கிளுக்கும் கேட்கும். "நான் ஒன்றும் அறியாதவன்" என்று ஒரு மனுசன் இவ்வளவு பெருமையாகச் சொல்லலாம் என்று அவரிடம்தான் பார்த்தேன்.

இனி அவருடைய வேலை. ஸ்காபரோவில் கல்லறைக் கல் செய்கிற ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருசமாக இருக்கிறார். கல்லின் மேல் ரப்பர் தாளை ஒட்டி, எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் வெட்டி உரித்துவிட்டு, மணலைக் காற்றோடு பீய்ச்சி அடிப்பார்கள். ரப்பர் இல்லாத இடத்தில் கல் அரிபட்டு எழுத்துக் குழியாக விழும். எழுத்தைக் கொம்பியூட்டரில் அடுக்கி ரப்பரை வெட்டிக் கொடுக்கிறது இவருடைய பொறுப்பு. தமிழ்ச் சனத்துக்குக் கல் வைக்கவேண்டுமென்றால் எல்லாரும் இவரைத்தான் தேடி வருவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கொம்பியூட்டருக்குத் தமிழ் விளங்காது. 'செல்லம்மா' என்று போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கழன்று ஓடும். சில நேரம் கொம்பு இரண்டாகி, ஒன்று வரியின் நுனியில் போய்த் தனியாகக் குந்திக்கொண்டிருக்கும். இவர் ஒவ்வொன்றாகப் பிடித்து, இருக்கவேண்டியதை இருக்கிற இடத்தில் வைத்து, மிஞ்சினதை அழித்துவிடுவார். அப்படி மிஞ்சிக் கிடக்கிறதுக்கு அவர் வைத்த பெயர் குப்பை. எத்தனையோ பேருடைய அம்மா அப்பா பெயரைக் கொம்பு முறியாமல் கல்லில் ஏற்றியவர். அதில் நான் அவரைப் பகிடி பண்ண மாட்டேன்.

போன வருசம் மிரியம் என்றொரு யூத அம்மா அந்தப் பட்டறைக்கு வந்தார். எண்பத்து நாலு வயது. கண்ணின் நடுப்பகுதி மங்கி, ஓரத்தால் மட்டும் கொஞ்சம் பார்க்கக்கூடியவர். அவருடைய கணவர் ஆஷெர் ஸ்பதைனாத் தெருவில் தையல் மெசின் திருத்துகிற வேலை செய்தவர். செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது. அவர்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு வருசத்துக்குள் கல்லை நட்டு, சீலையால் மூடி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் கூடி நின்று சீலையை எடுத்துச் செபம் சொல்லுவார்கள். கல்லுக்கென்று மிரியம் ஒரு பழைய கடித உறையைக் கொண்டுவந்தார். அதன் பின்பக்கத்தில் ஆஷெர் தன் கையால் எபிரேயத்தில் எழுதிய ஒரு வரி. மெசின் திருத்துகிற மனுசன் ஆயுள் முழுக்கக் கடவுளுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார். ஒருவருக்கும் காட்டினதில்லையாம், பெண்சாதிக்கு மட்டும்தான்.

முதலாளி டொமினிக் இவரைக் கூப்பிட்டு, "உனக்கு ஹீப்ரு தெரியுமா?" என்று எபிரேய மொழியைக் கேட்டார். என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை.

முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. வலமிருந்து இடம் போகும் என்று தெரியும். எழுத்துகளைப் பார்த்தால் அடையாளம் தெரியும். வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான். வரியைப் பெரிய எழுத்தில் தாளில் அடித்துக் கொடுத்தார். மிரியம் பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார். பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. தாள் அடிக்கிற புரோகிராமிலிருந்து ரப்பர் வெட்டுகிற புரோகிராமுக்கு அந்த வரியை மாற்றியபோது, வலது நுனியில் இருந்த முதல் சொல் கழன்று இடது நுனிக்குப் போய்விட்டது. இரண்டே இரண்டு எழுத்து. தனியாக, இடைவெளி விட்டு, வரிக்கு வெளியே குந்திக்கொண்டிருந்ததாம். பன்னிரண்டு வருசமாகக் கழன்ற கொம்பைப் பார்த்த கண் அல்லவா? இது அந்தக் குப்பைதான் என்று நினைத்தார். ஒரு விசையைத் தட்டி அழித்தார். மிச்சத்தை நடுவுக்கு இழுத்து அழகாக வைத்தார். வெட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கல்லை நட்டு மூடிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது தன் ரெலிபோனில் எடுத்த படத்தை எனக்குக் காட்டினார். கறுப்புக் கிரனைற்றில் எழுத்து அழகாகத்தான் விழுந்திருந்தது.

"இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"கடவுளே, நீர்தான் எனக்கு எல்லாம் எண்டு."

"எது கடவுள் எண்ட சொல்லு?"

ஏதோ ஒன்றில் விரலை வைத்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மிரியம் கையெழுத்துப் போட்ட தாளின் கொப்பி அவருடைய பையில் இருந்தது. அதை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரை மடக்கவேண்டும் என்றுதான் எடுத்தேன், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் கிடையாது. அந்த எழுத்தில் எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. தெரியாதபடியால் எண்ணினேன். நான் டே கெயாரில் வேலை செய்கிறவள். பிள்ளைகளை வெளியே கொண்டுபோகும்போது ஒரு எண்ணல், உள்ளே கொண்டுவரும்போது ஒரு எண்ணல். அந்தப் பழக்கம்.

"இஞ்சருங்கோ, தாளில ஏழு சொல்லுக் கிடக்கு. கல்லில ஆறுதான்."

"உது குப்பை. எனக்குத் தெரியும்" என்றார். சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என்னுடைய ரெலிபோனை வாங்கினார்.

ரெலிபோனின் கமெராவைப் பிற மொழி எழுத்துக்கு மேலே பிடித்தால் அதுவே ஆங்கிலத்தில் அரைகுறையாகச் சொல்லும். நிலக்சி சொல்லித் தந்தது. தெரிந்த மனுசனுக்கு எதற்கு என்று அவர் அதுவரை தொட்டதில்லை. அன்றைக்குத் தாளின் மேல் பிடித்தார். அது சொன்னதைப் பூசைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: அறியேன். அறியேன் என்பதையும் நீரே அறியத் தந்தீர்.

பிறகு கல்லின் படத்தின் மேல் பிடித்தார். அறிந்தேன் என்று தொடங்கியது.

எங்கள் மொழியில் இதெல்லாம் வினைக்குள்ளேயே கிடக்கும். அறியேன், அறிவேன், ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். எபிரேயத்தில் 'இல்லை' என்பது தனிச் சொல். லோ. அந்த லோவைத்தான் என் மனுசன் குப்பை என்று தூக்கி எறிந்திருக்கிறார். தெரியாது, தெரியாது என்று சொல்லிச் செத்த ஒரு மனுசனின் தலைமாட்டில் தெரியும் என்று எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

டொமினிக்குக்கு ரெலிபோன் எடுத்தார். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் வியாபாரி. "அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. நாளைக்குச் சீலையை எடுப்பார்கள், அழுவார்கள், போய்விடுவார்கள். திங்கட்கிழமை யோசிப்போம். நீ வாயைத் திறந்தால் அந்த நாளும் பாழ், உன்னுடைய வேலையும் பாழ்" என்றார். அறுபத்து மூன்று வயதில் இந்த வேலை போனால் இவரை வேறு யார் எடுப்பார்கள்? மிரியத்துக்குச் சொல்லவும் வழியில்லை. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், ரெலிபோன் எடுக்க மாட்டார்கள்.

பல்கனிக் கதிரையில் போய் இருந்தார். பின்னேரம் முழுக்க இருந்தார். இந்த ஒரு நாளுக்காக எத்தனை வருசம் நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன் தெரியுமா? வாய் வரைக்கும் வந்தது. தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. எனக்கு அவர் பாவமாக இருந்தது.

"அவ கண்ணால வாசிக்க மாட்டா, செலீன்" என்றார் கடைசியாக. "விரலால தடவித்தான் வாசிப்பா. வலது பக்கத்தில இருந்து தொடங்குவா. அங்க ஒண்டும் இருக்காது."

என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதை அவர்தான் சொல்லவேண்டும். எழும்பி உள்ளே வந்து, நாளைக்குப் போட வெள்ளைச் சேட் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்கு நின்றது எனக்குப் புதிதாக இருந்தது.

ஞாயிறு காலை பூசைக்குப் போகவில்லை. பத்து மணிக்கே அந்தச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில் நின்றோம். மிரியமும் மகனும் ஏழெட்டுப் பேரும் வந்து இறங்கினார்கள். இவர் தொப்பியைக் கழற்றி, பிறகு தலையை மூடுகிற அவர்களுடைய முறை ஞாபகம் வந்து திரும்பப் போட்டுக்கொண்டு, மிரியத்துக்கு முன்னால் போய் நின்றார். காரில் வரும்போது ஆங்கிலத்தில் ஒரு நீட்டு வசனம் பாடமாக்கிக்கொண்டு வந்தவர். அது எங்கேயோ போய்விட்டது. "எனக்கு ஹீப்ரு தெரியாது" என்றார். முதலில் அதைத்தான் சொன்னார்.

முப்பத்திரண்டு வருசத்தில் தெரியாது என்ற சொல்லை எந்தப் பாசையிலும் அவருடைய வாயால் நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு நடந்ததைச் சொன்னார். ஒரு சொல் விடுபட்டுப் போச்சு என்றார். விடுபடவில்லை, நான்தான் எடுத்தேன் என்று தானே திருத்தினார். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. மிரியம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "எந்தச் சொல்?" என்று கேட்டார். இவர் தாளை நீட்டினார். மிரியம், "எனக்கு அது கண்ணுக்குத் தெரியாது, என் கையில் எழுது" என்று உள்ளங்கையை விரித்தார். என் மனுசன் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, விரலால், வலமிருந்து இடமாக, அந்த இரண்டு எழுத்தையும் எழுதினார். ஒன்று கழுத்தை நீட்டின எழுத்து, மற்றது குறுக்கே கோடு போன எழுத்து.

"லோ" என்றார் மிரியம். கையை மூடிக்கொண்டார். "அதை எடுக்கும்போது என்னவென்று நினைத்து எடுத்தாய்?"

பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். "குப்பை என்று நினைத்தேன்" என்றார்.

மிரியத்தின் உதடு நடுங்கியது. அந்த மனுசி அங்கேயே எங்களைப் பேசித் துரத்தியிருந்தால்கூட நான் பிழை சொல்லியிருக்க மாட்டேன்.

"ஆஷெருடைய பாட்டு எல்லாம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும்" என்றார் பிறகு. "எங்களுடைய பழைய பாட்டுக்காரர்கள் கடவுளுக்கு முன்னால் தங்களைச் சின்னவன் என்பார்கள், புத்தியில்லாதவன் என்பார்கள், மாடு என்றுகூடச் சொல்லுவார்கள். அது மரியாதைக்குச் சொல்கிற பொய் என்று ஆஷெர் இளம் வயதில் நினைத்தார். அப்போது அவருக்கு எல்லாம் தெரியும். மெசினும் தெரியும், வேதமும் தெரியும், நான் என்ன நினைக்கிறேன் என்பதும் தெரியும்." இதைச் சொல்லும்போது முகத்தை என் பக்கம் திருப்பினார், நான் நிற்கிற இடத்தை எப்படிக் கண்டாரோ. "எழுபது வயதுக்குப் பிறகுதான் அது பொய் இல்லை, வெறும் உண்மை என்று கண்டார். அன்றிலிருந்துதான் அவருக்குச் செபம் வந்தது. அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் கடவுளுக்குப் பாடம் எடுத்தது என்று சொல்லிச் சிரிப்பார்."

பிறகு என்னைப் பார்த்து, "இவரும் அப்படியா?" என்று கேட்டார்.

முப்பத்திரண்டு வருசக் குறையைக் கொட்டுவதற்குக் கடவுளே கொண்டுவந்து தந்த இடம். "இல்லை, இவர் நல்ல மனுசன்" என்றேன். அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

சீலையை எடுக்கச் சொன்னார் மிரியம். மகன் மறித்துப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. கல்லின் வலது பக்கத்தில், எழுத்துத் தொடங்குமுன் இருக்கிற மினுக்கின இடத்தில் விரலை வைத்து, "லோ" என்று வாயால் சொன்னார். சொல்லிவிட்டு விரலை இடது பக்கம் நகர்த்திக் கல்லில் இருந்ததை வாசித்தார். லோ யாதத்தி. அறியேன். முழு வரியையும் வாசித்து முடிக்கும்வரை என் மனுசன் தலையை நிமிர்த்தவில்லை.

டொமினிக் மறுநாள் வேறு கல் செய்து தருவதாகச் சொன்னார். மிரியம் வேண்டாம் என்றுவிட்டார். அந்தச் சொல்லை இருந்த இடத்தில் வெட்டினால் போதும், எடுத்த ஆளே உளியால் வெட்டட்டும் என்றார். வேலை போகவில்லை. போகாததற்கு அந்த அம்மாதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். முழங்காலில் நின்றுதான் வெட்டவேண்டியிருந்தது. வரியை இவர் ஏற்கனவே நடுவுக்கு இழுத்து வைத்தபடியால் சொல்லுக்கு இடம் காணாது. அது வரிக்கு வெளியே, ஓரத்தில், மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் நிற்கும். எழுத்தின் வடிவத்தை, அங்கே வந்து நின்ற மிரியத்தின் மகனிடம் கேட்டார், மிரியத்திடம் கேட்டார், வெட்டி முடித்ததும் தாளை என்னிடம் தந்து, "கல்லில ஒருக்கா எண்ணும்" என்றார். எண்ணினேன். ஏழு. தூசியை ஊதிவிட்டுக் கனநேரம் அப்படியே முழங்காலில் இருந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று நினைத்துக் கையைக் கொடுக்கப் போனேன். அவர் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசையில் பாட்டு வாசிக்கப் போனார். நெஞ்சு நிமிரவில்லை, குரல் எழும்பவில்லை. ஒவ்வொரு சொல்லாக, முதல் தரம் பார்க்கிற கடிதத்தை வாசிக்கிற மாதிரி வாசித்தார். முடிந்த பிறகு டெனிஸ்டன் ஓடிவந்து, "என்ன மச்சான், மைக் பழுதோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை" என்றார் என் மனுசன். டெனிஸ்டன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வரும் வழியில் வழக்கம்போல டிரைவ் துரூவுக்குள் காரை விட்டார். முன்னால் இரண்டு கார். எங்கள் முறை வந்து, ஸ்பீக்கருக்குள் இருந்த பெட்டை என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் கண்ணாடியை இறக்கினார், வாயைத் திறந்தார், மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"செலீன், உமக்கு என்ன வேணும்?"

எங்கள் ஆட்கள் கடவுளையும் நீர் என்பார்கள், பெண்சாதியையும் நீர் என்பார்கள். அன்றைக்கு அது எனக்கு ஒரு மாதிரிக் கேட்டது.

கோப்பி வேண்டாம் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. முப்பத்திரண்டு வருசம் அதை மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், அவரைவிட எனக்கு ஒன்று கூடுதலாகத் தெரியும் என்று. வேண்டாததை வைத்துக்கொண்டு இருந்தேனே தவிர, வேண்டியது என்ன என்று நானும் என்னை ஒரு நாள் கேட்டதில்லை. அந்தப் பெரிய பலகையில் எத்தனையோ எழுதியிருந்தது. ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோன் அடித்தான்.

"எனக்குத் தெரியேல்லை, அப்பா" என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

"பரவாயில்லை, ஆறுதலா யோசியும்" என்று என் கையைப் பிடித்தார். ஸ்பீக்கருக்குள் அந்தப் பெட்டை திரும்பவும் கேட்டாள். என் மனுசன் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, எங்களுக்கு இன்னும் தெரியாது என்று சொன்னார்.